எத்தனால் கலந்த பெட்ரோலும் விசைத்தெளிப்பானும்

ஒரு சம்பாப் பருவத்தின்போது திருவாரூர் மாவட்டத்தில் நடைபெற்ற பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி முகாமுக்கு உழவர் ஒருவர் தம் விசைத்தெளிப்பானைத் தோளில் சுமந்தே வந்து சேர்ந்தார். அவர் வயலில் புகையான் தாக்குதல் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது.

"நேத்து நாலு டேங்க் மருந்து அடிச்சேங்க ஐயா. அஞ்சாவது டேங்க்ல கீச்சுன்னு ஒரு சத்தம், அப்படியே நின்னுபோச்சு. கயித்தை இழுத்தா அசையவே மாட்டேங்குது" என்றார்.

இஞ்சினைக் கழற்றிப் பார்த்தோம். பிஸ்டனின் ஒரு பக்கம் கோடு கோடாகச் சுரண்டப்பட்டு, சிலிண்டரோடு இறுகப் பிடித்துக் கொண்டிருந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடிய இஞ்சினில்தான் இப்படி நேரும். பெட்ரோலில் டூ-டி ஆயில் ஊற்ற மறந்துவிட்டாரா என்று கேட்டதற்கு, அளந்துதான் ஊற்றியதாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. கேனின் அடியில் மிஞ்சியிருந்ததைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றியதும் காரணம் தெரிந்துவிட்டது. மேலே ஆயில் நிறத்தோடு பெட்ரோல். கீழே இரு விரற்கடை உயரத்துக்கு நிறமற்ற வேறொரு திரவம். மோட்டார் கொட்டகையில் மூடி சரியாக இறுகாமல் கிடந்த கேனுக்குள் கூரை ஒழுகி மழைநீர் இறங்கியிருக்கிறது.

பழைய காலத்திலும் பெட்ரோலில் தண்ணீர் இறங்கியதுண்டு. அப்போது இஞ்சின் திக்கித் திணறி நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினால் மறுபடி ஓடும். இப்போது பிஸ்டனே பிடித்துக்கொள்வது ஏன்? பங்கில் நாம் வாங்கும் பெட்ரோல் முன்பிருந்த பெட்ரோல் அல்ல என்பதுதான் விடை. விசைத்தெளிப்பான், புல்வெட்டும் கருவி, விசைக் களையெடுப்பான், மொபெட் என்று பெட்ரோலில் ஓடும் எதையேனும் வைத்திருக்கும் உழவர் பெருமக்கள் இந்த மாற்றத்தை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

கலப்பு வந்த விதம்

பெட்ரோலில் எரிசாராயம் கலப்பது புதிய எண்ணம் அன்று. விடுதலை அடைந்த மறு ஆண்டே, 1948இல், இதற்கென இந்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் 2000இல் நீக்கப்பட்டது. 1975இல் பிரேசில் நாடு தன் கரும்பை நம்பிப் பெரிய அளவில் எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே கலப்பின் அளவு உயர உயர, இஞ்சின்களையும் அதற்கேற்ப மாற்றி அமைத்துக்கொண்டே வந்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

நம் நாட்டில் 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கியது. பல ஆண்டுகள் அது பெயரளவிலேயே இருந்தது. 2018இல் உயிரி எரிபொருள் கொள்கை வந்த பின் வேகம் பிடித்து, 2022 ஜூனில் நாடு முழுவதற்குமான சராசரி 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025இல் நாட்டின் சராசரியே 20 சதவீதத்தைத் தொட்டது. பங்குகளில் இ-20 என்று எழுதியிருப்பது இதைத்தான் குறிக்கும். ஒரு லிட்டர் வாங்கினால் அதில் 200 மி.லி. வரை எத்தனால் இருக்கும்.

எத்தனால் என்பது சாராயத்தின் உயிர்ப்பொருளேதான். ஆனால் எரிபொருளுக்கான எத்தனாலில் குடிக்க முடியாதபடி வேறு பொருள்களைச் சேர்த்து விடுகிறார்கள். பெட்ரோலிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் குடித்துப் பார்க்கலாம் என்று யாரும் விளையாட வேண்டாம். உயிருக்கே ஆபத்தாக முடியும்.

உழவருக்கு இதில் இரு வகையில் தொடர்பு உண்டு. ஒரு டன் கரும்பின் சாற்றை முழுவதும் எத்தனாலாக்கினால் சுமார் 70 லிட்டர் கிடைக்கும். சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து மட்டும் எடுத்தால் டன்னுக்குப் பத்து லிட்டர் சொச்சந்தான். 2023 டிசம்பரில் சர்க்கரை குறையும் என்ற அச்சத்தால் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. 2024 ஆகஸ்டில் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. இதற்கிடையில் ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பிவிட்டன. ஒரு டன் மக்காச்சோளம் சுமார் 380 லிட்டர் எத்தனால் தரும். மானாவாரியில் மக்காச்சோளம் போடுபவருக்கு இது நல்ல செய்தி. தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளத்தையே நம்பியிருக்கும் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணையாளருக்கு அப்படி அல்ல. அது தனியே எழுத வேண்டிய விஷயம். இங்கே, விளைவித்தவர் வீட்டுக்கே பெட்ரோலாகத் திரும்பி வரும் எத்தனால் அவர் இஞ்சினில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

மைலேஜ் எவ்வளவு குறையும்?

முகாம்களில் முதலில் வரும் கேள்வி இதுதான். கணக்கு எளிது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் எரிசக்தி உள்ளது. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல், அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் சேர்ந்த கலப்பில் லிட்டருக்குச் சுமார் 30 மெகாஜூல் இருக்கும். கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 7 சதவீதத்துக்குச் சற்றே குறைவான இழப்பு. நாம் 2022 முதலே 10 சதவீதக் கலப்பில் ஓட்டியதால், அதிலிருந்து 20க்கு மாறியதில் புதிதாக வந்த இழப்பு 3 முதல் 4 சதவீதந்தான்.

கலப்பில்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சீரமைத்த வாகனங்களில் இ-20 ஊற்றினால் நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவீதமும், இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் குறையக்கூடும் என்று 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஒரு டேங்க் பெட்ரோலில் ஒரு மணி நேரம் ஓடிய தெளிப்பான் இனி ஐம்பத்தாறு நிமிடம் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். கால் பங்கு குறைந்துவிட்டது, பாதியாகிவிட்டது என்று சொல்பவர்கள் பெட்ரோலை மட்டும் குறை சொல்லாமல் காற்று வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்ப்பது நலம். மருந்துத் தூளும் வயல் புழுதியும் அடைத்த வடிகட்டி, எத்தனாலை விடப் பெரிய பெட்ரோல் தின்னி.

இஞ்சின் சூடாவது

மைலேஜ் இழப்பு பையைத்தான் கடிக்கும். சூடு இஞ்சினையே கடிக்கும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எத்தனாலிலேயே பிராணவாயு அடங்கியிருப்பது இதற்குக் காரணம். அண்மைக் காலக் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் புகையை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் மின்னணு ஏற்பாடு உள்ளது. நம் தெளிப்பானில் இருப்பது ஒரு சிறு கார்புரேட்டர். அதன் ஜெட் துளை தொழிற்சாலையில் போட்ட அளவிலேயே இருக்கும். எதை ஊற்றினாலும் அதே அளவுதான் விடும். ஆகவே கலப்புப் பெட்ரோலில் ஓடும்போது காற்று கூடுதலாகவும் எரிபொருள் குறைவாகவும் உள்ள மெலிந்த கலவை சிலிண்டருக்குள் போகிறது. கொல்லன் உலையில் கரியைக் குறைத்துத் துருத்தியை மிகுதியாக ஊதுவது போன்ற நிலைமை இது. காற்றால் குளிரும் சிற்றிஞ்சின்களைக் கொஞ்சம் கனத்த கலவையில் ஓடும்படி அமைத்திருப்பார்கள். மிகையாகப் போகும் எரிபொருளே இஞ்சினைக் குளிர்விக்கும். கலவை மெலிந்தால் அந்தக் குளிர்ச்சி போய்விடுகிறது.

பல சிற்றிஞ்சின்களின் கையேட்டில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் ஊர்ப்புறப் பங்குகளில் கலப்பில்லாத பெட்ரோல் கிடைப்பது அரிது. ஆகவே இருப்பதை வைத்துப் பிழைக்கும் வழியைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கலவை மெலிந்திருப்பதைக் கண்டுபிடிக்கச் சிறந்த சாட்சி ஸ்பார்க் பிளக். அரைமணி வேலை செய்த பின் இஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்து பிசுபிசுத்தால் கலவை கனம். வெளுத்துச் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தால் கலவை மெலிவு. சோக்கைப் பாதி மூடினால்தான் இஞ்சின் ஓடுகிறது என்றாலும் மெலிவுதான். ஜெட்டில் அடைப்பும் இருக்கக்கூடும். முதலில் ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். அதன் பிறகும் பிளக் வெளுத்தால், கலவைத் திருகு உள்ள கார்புரேட்டர்களில் மெக்கானிக்கைக் கொண்டு அதை இடப்புறமாக எட்டில் ஒரு சுற்று தளர்த்திப் பார்க்கலாம். ஜெட் துளையை ஊசியால் குத்திப் பெரிதாக்குவது கூடாது. ஒருமுறை துளை கெட்டால் புது ஜெட் வாங்குவது தவிர வழியில்லை.

வேலை நேரத்தில் ஒரு டேங்க் முடிந்ததும் சில நிமிடம் இஞ்சினை ஆறவிட்டு அடுத்த டேங்க் ஊற்றுவது நல்லது. மருந்து கலக்கும் நேரமே இதற்குப் போதும். சுமையில்லாமல் முழு வேகத்தில் உறுமவிடுவதைத் தவிர்க்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சூடு குறையட்டும் என்று டூ-டி ஆயிலை இரட்டிப்பாக ஊற்றுகிறார்கள். ஆயில் கூடினால் அதே துளை வழியே போகும் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை மேலும் மெலியும். பிளக்கும் புகைபோக்கியும் கரி பிடிக்கும். கையேட்டில் ஐம்பதுக்கு ஒன்று என்றிருந்தால் லிட்டருக்கு 20 மி.லி.; இருபத்தைந்துக்கு ஒன்று என்றிருந்தால் 40 மி.லி. அந்த அளவுக்குக் குறையாமலும் கூடாமலும் கலப்பதே முறை. டிராக்டரில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுவதை அறவே விட்டுவிட வேண்டும்.

நீர் என்னும் பகை

எத்தனால் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும்; பெட்ரோல் கலக்காது. இரண்டும் சேர்ந்திருக்கும் கலப்பில் சிறிது நீர் விழுந்தால் எத்தனால் அதைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அளவு மீறினால் நிலைமை மாறும். எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். 10 சதவீதக் கலப்பு லிட்டருக்குச் சுமார் 5 மி.லி. நீரைத்தான் தாங்கும், அதாவது ஒரு தேக்கரண்டி. 20 சதவீதக் கலப்பு அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். என்றாலும் சில தேக்கரண்டிதான். பிரிந்துவிட்டாலோ, லிட்டருக்கு நூறு மி.லி.க்கு மேலாகவே அடியில் சேரக்கூடும். கீழே இறங்குவது நீர் மட்டுமல்ல, கலப்பிலிருந்த எத்தனாலின் பெரும்பகுதியும்கூட.

திருவாரூர் உழவரின் பிஸ்டன் பிடித்துக்கொண்டது இதனால்தான். நான்கு வீச்சு இஞ்சினில் மசகு எண்ணெய் தனியே கிராங்க் அறையில் இருக்கும். தெளிப்பானிலும் புல்வெட்டும் கருவியிலும் பெரும்பாலும் உள்ள இரு வீச்சு இஞ்சினுக்கு, பெட்ரோலில் கலந்து வரும் ஆயிலைத் தவிர வேறு மசகு கிடையாது. எரிபொருள் பிரியும்போது ஆயில் பெட்ரோலோடு மேலேயே தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் குழாயோ, ஆயில் இல்லாத நீரும் சாராயமும் கலந்த அடிப்பகுதியை முதலில் இழுக்கும். அந்தச் சாராயம் கொஞ்சம் எரியவும் செய்வதால் இஞ்சின் உடனே நின்றுவிடாமல் உலர்ந்த பிஸ்டனோடு ஓடும். உடனே நின்றிருந்தால் அவருக்கு வெறும் சுத்தம் செய்யும் வேலையோடு போயிருக்கும். பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றையும் மாற்றும்படி ஆனது. அதைவிடக் கொடுமை, புகையான் பெருகிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் வாடகைத் தெளிப்பானுக்கு அவர் அலைந்தது.

கலப்புப் பெட்ரோல் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. உறிஞ்சுவது உண்மை. ஆனால் நன்கு மூடிய பாத்திரத்தில் அது மிக மெதுவாகவே நடக்கும். பிரிந்துபோகும் அளவுக்கு நீர் சேர்வது பெரும்பாலும் வேறு வழிகளில்தான்: மழையில் வரப்பில் வைத்த கேன், தண்ணீர் விட்டுக் கழுவியபின் உலராத புனல், மருந்து கலக்கிய ஈரக் கையோடு திறந்த டேங்க் மூடி, முன்பு தண்ணீர் பிடித்த பிளாஸ்டிக் பாட்டில். தெளிப்பானைக் கழுவும்போது பெட்ரோல் மூடியின் மேல் நேராகத் தண்ணீர் அடிப்பதும் ஒரு காரணம்.

குளிரும் பிரிவைத் தூண்டும். பகலில் நீரைத் தாங்கி நின்ற கலப்பு இரவுக் குளிரில் கலங்கிப் பிரியலாம். நீலகிரியில் விசைக் கருவிகளால் தேயிலை பறிக்கும் சிறு விவசாயிகள் மார்கழி, தை மாதங்களில் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலை விட மிகுதியான வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், அந்தக் காலைகளில் இஞ்சின் கிளம்பவும் சற்று மக்கர் செய்யும். இழுகயிற்றை வெறி கொண்டு இழுக்காமல் சோக்கை முழுவதும் மூடி இரண்டு மூன்று முறை இழுத்து, பின் சிறிது திறந்து இழுத்தால் கிளம்பிவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்பதை யாரும் கண்டுகொள்ளலாம். 100 மி.லி. வரை கோடு போட்ட கண்ணாடி அளவுக் குழாய் ஒன்று வேண்டும். அறிவியல் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதில் 10 மி.லி. தண்ணீர் ஊற்றி, மேலே 100 கோடு வரை ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றுங்கள். வாயை இறுக மூடி நன்றாகக் குலுக்கி, இடையில் ஒருமுறை மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியேற்றிவிட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிவாக ஒரு கோடு பிரியும். கலப்பில்லாத பெட்ரோலானால் அந்தக் கோடு 10லேயே நிற்கும். 20 சதவீதக் கலப்பில், ஊற்றிய 90 மி.லி.யில் இருந்த சுமார் 18 மி.லி. எத்தனால் நீரோடு சேர்ந்துவிடுவதால் கோடு 27, 28ஐ ஒட்டி நிற்கும். 10 சதவீதமானால் 18, 19.

இந்தச் சோதனையை வெளியில், காற்றோட்டமான நிழலில் மட்டுமே செய்ய வேண்டும். அடுப்பு, பீடி, எரியும் விளக்கு எதுவும் அருகில் கூடாது. சோதித்த பெட்ரோலை மறுபடி டேங்கில் ஊற்றவும் கூடாது.

முகாமில் இதைச் செய்து காட்டியபோது இன்னொரு சந்தேகமும் தீர்ந்தது. டேங்கின் அடியில் தண்ணீர் போல் நிறைய நின்றதைப் பார்த்து, பங்கில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். பங்கின் நிலத்தடித் தொட்டியில் நீர் கசிந்திருக்க வாய்ப்பு இல்லாமல் இல்லை; சந்தேகம் இருந்தால் அங்கேயே சோதிக்கும்படி கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் அடியில் நிற்பதெல்லாம் தண்ணீர் அல்ல. குறைந்த அளவு நீரோடு பெரும் அளவு எத்தனால் சேர்ந்து இறங்கியதே அந்த உயரம்.

அன்றாடம் செய்யத் தக்கதற்கு இவ்வளவு வேலை வேண்டாம். ஆயில் கலக்குமுன் சிறிது பெட்ரோலை, கேனின் அடிப்பகுதியிலிருந்து வருமாறு, உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரே தெளிவாக இருந்தால் ஊற்றலாம். பால் கலந்ததுபோல் கலங்கியிருந்தாலோ, அடியில் கோடு தெரிந்தாலோ ஊற்ற வேண்டாம். குலுக்கினால் சேர்ந்துவிட்டதுபோல் தோன்றும். டேங்கில் போய் மறுபடி பிரியும். மேலே நிற்பதை மட்டும் இறுத்து ஊற்றுவதும் சரியல்ல. பிரிந்த பெட்ரோலை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாமல் மூடி வைத்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டும்.

ரப்பரும் அரக்கும்

தச்சர்கள் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலில் கரையாத அரக்கு சாராயத்தில் கரையும். பழைய இஞ்சின்கள் சிலவற்றில் கார்புரேட்டரின் மிதவை தக்கையால் ஆனது. அதன் மேல் பூசியிருப்பது அரக்கு. அத்தகைய இஞ்சினில் கலப்புப் பெட்ரோல் பட்டால் பூச்சு கரைந்து, தக்கை பெட்ரோலில் ஊறி, மிதவை மிதக்காமல் மூழ்கிவிடும். பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். தாத்தா காலத்து மண்ணெண்ணெய் இஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி ஓட்டுபவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மற்ற கருவிகளில் கவனிக்க வேண்டியது ரப்பர். எரிபொருள் குழாய், டேங்க் மூடியின் வாஷர், வளையங்கள், புல்வெட்டும் கருவியின் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு ஆகியன பழைய ரக ரப்பரானால் எத்தனாலில் ஊறி உப்பும். உலர்ந்ததும் விறைத்து வெடிக்கும். 2023 ஏப்ரலுக்குப் பின் செய்த வாகனங்களில் 20 சதவீதத்தைத் தாங்கும் பொருள்களையே பயன்படுத்த வேண்டும் என்று திட்டமிட்டார்கள். அதற்கு முன் வாங்கிய மொபெட்டுக்கும் தெளிப்பானுக்கும் உதிரிபாகம் மாற்றும்போது, எத்தனால் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குவது நலம். வண்டியையே மாற்ற வேண்டியதில்லை. குழாய்க்கும் வாஷருக்கும் ஆகும் செலவு சொற்பம்.

பழைய டேங்கில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருந்த பிசினையும் துருவையும் எத்தனால் கரைத்து இளக்கிவிடும். கலப்புப் பெட்ரோலுக்கு மாறிய முதல் சில டேங்குகளில் வடிகட்டி அடிக்கடி அடைபட இதுவே காரணம். இரண்டு மூன்று முறை வடிகட்டியைச் சுத்தம் செய்தால் பிறகு நின்றுவிடும். அலுமினியம், துத்தநாகம், பித்தளைப் பாகங்களை நீரும் எத்தனாலும் சேர்ந்த அடிக்கலவை அரிக்கும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் வெள்ளை அல்லது பச்சை நிறப் பொடி தென்பட்டால், பெட்ரோலைத் தேக்கி வைத்திருந்தீர்கள் என்று பொருள்.

டீசல் பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் இந்தச் சங்கடங்கள் எதுவும் இல்லை.

பருவம் முடிந்த பின்

தை அறுவடையோடு பரணில் ஏறும் தெளிப்பான் பல வீடுகளில் புரட்டாசி வரை கீழே இறங்குவதில்லை. டேங்கில் கால் பங்கு பெட்ரோலோடு ஏறியது என்றால், இறங்கும்போது கார்புரேட்டர் பிசின் பிடித்துக் கிடக்கும். கருவிகள் கெடுவது ஓடும்போது அல்ல, கிடக்கும்போது என்று பணிமனைகளில் சொல்வார்கள். கலப்புப் பெட்ரோல் வந்த பின் அது இரு மடங்கு உண்மையாகிவிட்டது.

ஆகவே பத்து நாளைக்கு மேல் வேலை இல்லையென்றால் டேங்கை முழுவதும் காலி செய்துவிட வேண்டும். வடித்ததை அன்றே மொபெட்டில் ஊற்றிவிடலாம் என்று நினைப்பார்கள். இரு வீச்சு மொபெட்டானால் சரி, நான்கு வீச்சு வண்டியில் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றக் கூடாது. வடித்த பின் இஞ்சினைக் கிளப்பித் தானே நிற்கும்வரை ஓடவிட வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி மிச்சத்தையும் இறக்க வேண்டும். புல்வெட்டும் கருவியில் கிண்ணம் இல்லை. டேங்கைக் காலி செய்து, பக்கத்தில் உள்ள ரப்பர்க் குமிழைக் காற்று மட்டும் வரும்வரை அமுக்கி, பின் ஓட்டி நிறுத்தினால் போதும். கடைசியாகப் பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி டூ-டி ஆயிலைச் சிலிண்டருக்குள் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்துப் பிளக்கை மாட்டி வைக்கலாம்.

பருவத்தின்போதும் ஒரு வாரத் தேவைக்கு மேல் பெட்ரோல் வாங்கி வைக்க வேண்டாம். இறுக்கமான மூடியுள்ள உலோகக் கேனே சிறந்தது. அதில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் உள்ளே ஈரக் காற்றுக்கு இடம் குறையும். ஆயிலை முன்கூட்டியே கேன் முழுவதற்கும் கலந்து வைக்காமல், அன்றன்று வேண்டிய அளவுக்கு மட்டும் கலந்துகொள்வது நல்லது.

டேங்கிலிருந்து பெட்ரோலை வடிக்கக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் வழக்கம் ஊரில் இன்னும் இருக்கிறது. ஒரு மடக்கு புரையேறி நுரையீரலுக்குள் போனாலே போதும், மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். அப்படி நேர்ந்தால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; வாந்தியில் மறுபடியும் நுரையீரலுக்குள் இறங்கும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கையால் அமுக்கி உறிஞ்சும் சிறு பம்பு கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது.

பரணில் இருக்கும் தெளிப்பானைப் பூச்சி வந்த பின் இறக்காமல், நாற்று விடும்போதே இறக்கி வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பழுது தெரிந்தால் சரிசெய்ய அப்போது ஒரு மாதம் கையில் இருக்கும். ஐயம் இருப்பவர்கள் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தையோ கருவியோடும், அதில் ஊற்றிய பெட்ரோல் சிறிதளவோடும் அணுகலாம். பெட்ரோலை மறவாமல் கொண்டு செல்லுங்கள்; பாதிப் பழுது அதில்தான் இருக்கும்.